மனோதத்துவ மாணவரும் மருத்துவமனை வாசலும்

நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "ஹாஸ்டல் ஞாபகம், கேன்டீன் ஞாபகம், எதையாவது எழுதுங்க டீச்சர்" என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத நம்மில் ஆள் பஞ்சமே கிடையாது. அதனால் அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒரு சின்ன வரலாற்றை எழுதுகிறேன். பி.ஏ., பி.எஸ்ஸி. மனோதத்துவம் படிக்கிற பிள்ளை, பட்டம் வாங்கும் முன்பே, விஷயம் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில், நிஜமான நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது என்பது எங்கே தொடங்கியது, நம் பக்கம் எப்படி வந்தது என்கிற வரலாறு.

இதை எழுதக் காரணம் உண்டு. துறையில் இப்போது படிக்கிற பிள்ளைகள் யாராவது மாதம் ஒரு முறையாவது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். "டீச்சர், கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ் எங்கே கிடைக்கும்?" இதே கேள்வியை நாங்கள் 1985லும் கேட்டோம்.

நான் 1984ல் சேர்ந்து 1987ல் வெளியே வந்தவள். சொந்த ஊர் கடப்பாக்கம். பிறகு பி.எட். முடித்து, பள்ளிக்கூடத்திலேயே ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்டேன். மருத்துவ உளவியலாளர் ஆனவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது!

எங்கள் காலத்து மனோதத்துவ லேப் எப்படி இருந்தது என்று பழைய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய வேண்டும். முல்லர்-லையர் கோடுகளில் எது நீளம் என்று சொல்ல வேண்டும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும் மெமரி டிரம் ஒன்று இருக்கும், பாதி நாள் ரிப்பேரில். புத்தி அளக்க பினே-காமத் சோதனை, பாட்டியாவின் சோதனைப் பெட்டி. இதையெல்லாம் யார் மேல் செய்து பார்த்தோம்? பக்கத்து பெஞ்சுத் தோழி மேல்தான். இன்று அவள் சோதிக்கிறவள், நான் சோதிக்கப்படுகிறவள். அடுத்த வாரம் உல்டா. ரிக்கார்ட் நோட்டில் 'பங்கேற்றவர் ஆர்வத்துடன் ஒத்துழைத்தார்' என்று எழுதிவிட்டு, இரண்டு பேருமாகக் கேன்டீனுக்குப் போவோம்.

ஊரில் வேறு கதை. "மனோதத்துவமா? அப்ப என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டே, "கீழ்ப்பாக்கத்துக்குப் போற படிப்பா?" என்பார்கள். சினிமாவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே தியேட்டர் சிரித்த காலம் அது.

அந்தக் கீழ்ப்பாக்கத்தின் வரலாறு நம் கல்லூரிகளின் வரலாற்றைவிடப் பழையது. 1794ல் வேலன்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் சென்னை புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கான ஒரு விடுதியை நடத்தத் தொடங்கினார். பின்னால் அரசு அதை ஏற்று, 1871ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பெரிய மனைக்கு மாற்றியது. 1922ல் அது அரசு மனநல மருத்துவமனை ஆனது, 1978ல் மனநல நிலையம் ஆனது. பெயர் மாறிய வரிசையே ஒரு பாடம்தான். முதலில் அடைத்து வைக்கும் இடம், பிறகு வைத்தியம் பார்க்கும் இடம், அதன்பின் கற்றுக்கொடுக்கும் இடம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதலில் டாக்டர்கள், அடுத்து நர்ஸ்கள். மனோதத்துவ மாணவர் அந்த வரிசையில் வெகு காலம் இல்லை.

ஏன் இல்லை என்றால், மனோதத்துவம் நம் நாட்டில் வேறு வாசல் வழியாக வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையிலிருந்து பிரிந்து, 1910களில் ஆய்வுக்கூடத்தோடு தனித் துறையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை தொடங்கியது. ஆக, மனோதத்துவம் இருந்தது கடற்கரைச் சாலையில், மனநோயாளிகள் இருந்தது கீழ்ப்பாக்கத்தில். நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர்தான். கடந்து போகத்தான் ரொம்ப வருஷம் ஆனது.

இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது பெங்களூர். 1954ல் அங்கே அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. இன்றைய நிம்ஹான்ஸ் அதன் வாரிசுதான். 1955லேயே மருத்துவ, சமூக உளவியலில் ஒரு டிப்ளமா தொடங்கினார்கள். முதுகலை முடித்தவர்கள் வார்டிலேயே இருந்து, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் படிப்பு. பின்னாளில் எம்.ஃபில். ஆனது அதுதான். 1962ல் ராஞ்சியிலும் அதே மாதிரி வந்தது. அமெரிக்காவில் 1949ல் போல்டர் என்ற ஊரில் கூடிய மாநாடும் இதே பாணியில்தான் முடிவு செய்தது. மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால் முனைவர் படிப்பு, அதோடு ஒரு வருஷம் மருத்துவமனைப் பயிற்சி.

எல்லாம் சரி. இதில் பி.ஏ. பிள்ளை எங்கே? எங்கேயும் இல்லை! உலகம் முழுக்கவே இளநிலை மாணவரிடம், "முதலில் பாடத்தைப் படி, நோயாளியை அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்கள். அதில் நியாயமும் உண்டு. பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் ஒருவர் தன் உயிரையே வெறுத்துப் பேசினால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1954ல் அமெரிக்காவில் ஹார்வர்ட், ராட்கிளிஃப் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருந்த மெட்ரோபாலிடன் அரசு மனநல மருத்துவமனைக்குத் தொண்டர்களாகப் போகத் தொடங்கினார்கள். வருஷக்கணக்காக யாரும் வந்து பார்க்காத நோயாளிகள் இருந்த வார்டுகள் அவை. முதலில் கூட்டமாகப் போய்ப் பாட்டு, விளையாட்டு. அப்புறம் ஒரு திட்டம் உருவானது. ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. வாரா வாரம் போய் அவரோடு பேச வேண்டும், நடக்க வேண்டும், முடிந்தால் வெளியே அழைத்துப் போக வேண்டும். அதே வாரம் மாணவர்கள் எல்லோரும் ஒரு மனநல சமூகப் பணியாளரோடு வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, தங்களுக்குள் என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் பேச வேண்டும். இந்த அனுபவத்தை அந்த மாணவர்களே எழுதி 1962ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

மாணவர்கள் அங்கே வைத்தியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நோயின் பெயரைச் சொல்லவில்லை, மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. துணையாக இருந்தார்கள். அந்தத் துணைக்குப் பின்னால் ஒரு பெரியவரின் கண் இருந்தது. இளநிலை மாணவருக்கு உரிய மருத்துவமனை அனுபவம் இந்த அளவுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த அளவுக்குள்ளேயே நிறைய இருக்கிறது.

நம் பக்கம் இதற்கு மண் ஏற்கெனவே பதமாகத்தான் இருந்தது. வேலூர் சி.எம்.சி. 1957ல் பாகாயத்தில் தன் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கும் முறையை வைத்தார்கள். வீட்டு மனுஷர் பக்கத்தில் இருந்தால் நோயாளி மீள்வது சுலபம் என்பது இப்போது சாதாரணமாகத் தெரிகிறது. அன்று உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பார்வையாளர் நேரத்தைத் தாண்டி ஒரு நிமிஷம் இருக்க விட மாட்டார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் கதவைத் திறந்துவிட்டவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். 1961லிருந்து 1978 வரை அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர். நோயாளிகளுக்குத் தொழில் பழக்கம், வெளிநோயாளர் சேவை, தொண்டு நிறுவனங்களின் துணை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பின் சும்மா இருக்காமல் 1984ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 1992ல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். சென்னையில் பகல்நேர மறுவாழ்வு மையம் என்ற சொல் மனோதத்துவ மாணவர்கள் காதில் விழ ஆரம்பித்தது அவர் போட்ட பாதையால்தான்.

நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதே 1984. இரண்டாம் வருஷம் எங்கள் வகுப்பைக் கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போனார்கள். ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த புளிசாதம், வாடகை பஸ். பெரிய பெரிய மரங்கள், அகலமான வளாகம். 1,800 படுக்கைகள் என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். கடப்பாக்கம் என்றேன். "மரக்காணம் போற வழிதானே? உப்பளம் இருக்குமே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. புத்தகத்தில் படித்திருந்த நோய்ப் பட்டியலில் அந்த அம்மாவை எங்கே வைப்பது என்று வழி முழுக்க யோசித்தேன். எங்கேயும் பொருந்தவில்லை.

அந்த ஒரு நாள் போதாது என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் நச்சரித்ததில், எங்கள் விரிவுரையாளர் ஒரு பகல்நேர மையத்தில் பேசி எட்டு சனிக்கிழமைகளுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். பாடத்திட்டத்தில் இல்லை. மார்க் கிடையாது. சர்டிபிகேட் என்ற பேச்சே கிடையாது. அங்கே நாங்கள் செய்தது கேரம் ஆடியது, காகிதக் கவர் ஒட்டியது, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைத்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கிருந்த சமூகப் பணியாளர் அம்மா எங்களை உட்கார வைத்து, நோட்டைத் திறக்கச் சொல்வார்.

அந்த நாலு மணிதான் படிப்பு. என் வகுப்புத் தோழி ஒருத்தி நோட்டில், 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள், லேப் பழக்கத்தில். அந்த அம்மா கேட்டார்: "ஒத்துழைக்கலைன்னா என்னம்மா அர்த்தம்? எழுந்து போனாரா? சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாரா? வேணாம்னு சொன்னாரா? நீ பார்த்ததை எழுது. தீர்ப்பை நான் எழுதிக்கிறேன்." ஆறாவது சனிக்கிழமை இன்னொன்று சொன்னார். "இன்னும் ரெண்டு வாரம்தான் வருவோம்னு இன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க. திடீர்னு காணாமப் போகக் கூடாது. இவங்களை விட்டுட்டுச் சொல்லாமப் போனவங்க ஏற்கெனவே நிறைய பேர்." நாற்பது வருஷம் ஆகிறது. பாடப் புத்தகம் மறந்துவிட்டது, அந்த நாலு மணி மறக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடப்பாக்கம் இருப்பது இடைக்கழிநாட்டில். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர்தான், தமிழ் மீடியம் நண்பர்களுக்கு ஞாபகம் வரலாம். கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கிற மணல், தென்னை, உப்பளம், மீனவர் குப்பங்கள், பக்கத்திலேயே இடிந்த ஆலம்பரைக் கோட்டை. சங்கப் பெருமை எல்லாம் இருந்தும், 1980களில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போவதா என்று வீட்டில் சண்டை நடக்கும். இரண்டுக்கும் அரை நாள் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலை சீராக வந்ததே 1998 வாக்கில்தான். அதனால் சண்டையின் முடிவில் பலரும் குணசீலம் போனார்கள், சோளிங்கர் போனார்கள், ஏர்வாடி போனார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் யார்? அரசாங்கம் எட்டாத இடத்தில் சாமி எட்டியது. எட்டாமல் விட்டதன் விலையைத்தான் 2001 ஆகஸ்ட் 6ம் தேதி பார்த்தோம். ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள்.

அந்தத் தீக்குப் பின்தான் யார் மனநல வேலை செய்யலாம், யார் செய்யக் கூடாது என்பது பொதுஜனப் பேச்சானது. சட்டம் அதற்கு முன்பே இருந்தது. 1992ல் வந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்வது குற்றம், ஓராண்டு வரை சிறைகூட உண்டு. 2017ல் வந்து 2018 மே மாதம் அமலான மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. நோயாளி சொன்னதை ரகசியமாகக் காப்பது அவருடைய உரிமை என்றும் எழுதி வைத்தது. நம் மாணவப் பிள்ளைகள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்து, 'இன்று எனது இன்டர்ன்ஷிப்' என்று போடுகிற வழக்கம் இருக்கிறதே, பின்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் முகம் தெரிந்தால் அது விளையாட்டில்லை.

இனி சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் அளவுக்கு எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டுமரமும் வலையும் போன வீடுகளும் உண்டு, பிள்ளை போன வீடுகளும் உண்டு. ஆலம்பரைக் கோட்டையின் சுவர்கூட அடிபட்டது. நான் அப்போது விடுமுறைக்கு ஊரில் இருந்தேன்.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து 'கவுன்சலிங்' என்ற வார்த்தை வேனில் வந்து இறங்கியது. ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம். பிள்ளைகளை உட்கார வைத்து, கலர் பென்சில் கொடுத்து, அலை வந்ததை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்தார்கள், சிலது அழுதன, சிலது அன்று ராத்திரி தூங்கவில்லை. குழு அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு இரண்டாம் நாள் கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் தாய்மார்கள் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, அவங்க எப்ப மறுபடி வருவாங்க?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த ஆறாவது சனிக்கிழமை ஞாபகம் வந்தது. பேரிடரில் சிக்கியவர்களை உடனே உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கட்டாயமாகப் பேச வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலாகக்கூடப் போகும் என்று உலக அளவில் பின்னாளில் வழிகாட்டி நூல்களிலேயே எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பக்கத்தில் இரு, தேவையைக் கேள், வற்புறுத்தாதே, உரியவரோடு சேர்த்துவிடு என்கிற அளவில்தான் நிற்கிறது.

இன்னொரு குழுவும் வந்தது. சென்னையிலிருந்து இளநிலை மாணவர்கள் ஆறு பேர், கூட ஒரு மனநல சமூகப் பணியாளர். அந்த நாட்களில் நிம்ஹான்ஸ்காரர்கள் கடலோரம் முழுக்க உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களும் அதே முறையில் வந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் கவுன்சலிங் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நிவாரண அரிசி வரிசையில் கிழவிகளுக்காக நின்றார்கள். ரேஷன் கார்டு தொலைந்தவர்களுக்கு மனு எழுதினார்கள். வலை பின்னும் இடத்தில் சும்மா உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, அன்று யார் என்ன சொன்னார்கள் என்று அந்த மேடத்திடம் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். இடம் காட்டவும் பேச்சு புரியவைக்கவும் நானும் கூட இருந்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வருஷம் படிக்கிறவள், போகிற போக்கில் சொன்னாள். "அந்த அக்கா இன்னைக்கு நல்லாப் பேசினாங்க மேடம். அழல. மூக்குத்தியைக் கழட்டித் தங்கச்சிகிட்ட கொடுத்துட்டாங்க. 'எம்புள்ள தனியா இருக்குமேடி'ன்னு மட்டும் சொன்னாங்க." மகனைக் கடலுக்குக் கொடுத்த அம்மா அவள். எங்களுக்கெல்லாம், பரவாயில்லை, தேறி வருகிறாள் என்றுதான் பட்டது. மேடம் நோட்டை மூடி வைத்தார். "டீச்சர், அந்த வீட்டைக் காட்டுங்க" என்று எழுந்தார். அந்த இருட்டில் மணலில் நடந்து போனோம். அன்று ராத்திரி அவளைத் தனியாக விடவில்லை. தங்கச்சியையும் மாமியாரையும் பக்கத்தில் படுக்க வைத்து, என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, மறுநாள் காலை ஜீப்பில் ஜிப்மருக்கு அழைத்துப் போனார்கள். அந்த அம்மா இன்றும் இருக்கிறாள். சந்தையில் பார்த்தால் எனக்கு மட்டும் இரண்டு நெத்திலி சேர்த்துப் போடுவாள்.

அந்த மாணவிக்கு அது ஆபத்தின் அறிகுறி என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி, அன்றைக்கே, தெரிந்த ஒருவரிடம் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த ஆறு மணிக் கூட்டம் இல்லாமல் இருந்தால், மூக்குத்திக் கதை அவள் டைரியில்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஆராய்ச்சிச் சாட்சியும் எங்கள் மாவட்டத்திலிருந்தே இருக்கிறது. ஸ்கார்ஃப் அமைப்பு வெகு காலம் முன்பே திருப்போரூர் வட்டாரக் கிராமங்களுக்குள் சென்று வேலை செய்தது. பின்னர் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைக் கொண்டு, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் என்று மூன்று இடங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டுப் பகுதி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போகச் சொன்னார்கள். அவர்களுக்கு மேலே தொடர்ந்து மேற்பார்வை, தேவைப்பட்டால் டாக்டர். 2014ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட, வீட்டுக்கும் ஆள் வந்து போனவர்களிடம் முன்னேற்றம் ஓரளவு கூடுதல். பிரமாதமான வித்தியாசம் என்று அவர்களே சொல்லவில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பட்டம் இல்லாதவர் உதவ முடியும், மேற்பார்வை கூடவே இருந்தால்.

கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோவளத்துக்குப் பக்கத்தில் திருவிடந்தை. கல்யாணம் ஆக வேண்டி மாலை சாத்துகிற பெருமாள் கோவிலுக்காக நம்மில் பலர் போயிருப்போம்! அதே ஊரில் 'பான்யன்' அமைப்பின் மனநலக் கல்விக்கூடம் இருக்கிறது. 1993ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் அலையும் மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. கல்விக்கூடம் 2007ல் வந்தது. சேவை நடக்கிற இடத்திலேயே வகுப்பும் நடக்க வேண்டும் என்ற எண்ணம். நாங்கள் எட்டு சனிக்கிழமைக்காகக் கெஞ்சிய இடத்தில் இப்போது முழுப் படிப்பே வந்துவிட்டது, அதுவும் எங்கள் கடற்கரையில்.

அப்படியென்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்ன குறை? இடம் கூடிவிட்டது, போலியும் கூடிவிட்டது. காசு கட்டினால் பதினைந்து நாளில், வீட்டிலிருந்தே, ஒரு நோயாளியையும் பார்க்காமல், 'கிளினிக்கல் இன்டர்ன்' என்று சர்டிபிகேட் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆள் பற்றாத சில இடங்களில் முதல் வாரமே மாணவரை நோயாளியோடு தனி அறையில் விட்டு, "நீயே கவுன்சலிங் பண்ணும்மா" என்பார்கள். பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. முதலாவதில் காசுதான் போகும். இரண்டாவதில் மூக்குத்தியைக் கழட்டிக் கொடுத்தவள் கவனிக்கப்படாமல் போவாள்.

ஆகையால் தம்பி தங்கைகளே, எங்கே சேர்ந்தாலும் நான் கேட்கச் சொல்வது இதுதான். என் மேற்பார்வையாளர் யார், அவர் பதிவு பெற்றவரா? வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அவர் என்னோடு உட்காருவார்? ஒருவர் சாக வேண்டும் என்று சொன்னால் அந்த நிமிஷம் நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் டக்கென்று பதில் வரவில்லை என்றால், 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மேல்படிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எம்.ஃபில். மருத்துவ உளவியல் சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரை மட்டும் என்று யு.ஜி.சி. காலக்கெடு வைத்தது. உளவியலைத் தபால் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்றும் 2025ல் சொல்லிவிட்டது. விதிகள் மாறிக்கொண்டிருக்கிற நேரம். சீனியர் அக்கா சொன்னார் என்று சேராமல், மறுவாழ்வுக் கவுன்சிலின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் மனநல மருத்துவர் ஆனவர்கள் இருக்கிறார்கள், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் இருக்கிறார்கள், சமூகப் பணியில் தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், நாலைந்து பிள்ளைகளின் நோட்டைத் திறந்து பார்க்க உங்களால் முடியுமா? சங்கத்திடம் பேசியிருக்கிறேன். கூடுகை நாளன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், மனோதத்துவத் துறை லேப்பில், அந்தப் பழைய மெமரி டிரம் இருக்கும் மேஜை மேல் ஒரு நீளமான நோட்டு வைத்திருப்போம். பெயர், ஊர், எந்தக் கிழமை வசதி, இவ்வளவு எழுதினால் போதும். முதல் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.